அம்பிளிக்கை ஆய்வும் நம் வீட்டுப் பெண்களும்: கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஏன் இன்னும் பத்தில் ஒருவரைத்தான் எட்டியிருக்கிறது?

கொடைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் சித்தி ஈராண்டுகளுக்கு முன்பு கருப்பைவாய்ப் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 54. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் உதிரம் பட்டபோது, அது உடற்சூடு என்று தானே முடிவு செய்துகொண்டு, வெந்தயம் ஊறவைத்த நீரைக் குடித்து வந்தார். இடுப்பு வலி தாங்க முடியாமல் எங்களிடம் வாய் திறந்து, நாங்கள் அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றபோது நோய் சிறுநீர்ப்பை வரை பரவியிருந்தது.

அவர் இறந்த பிறகுதான் இந்த நோயைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்போது கண்ணில் பட்ட ஒரு செய்தி என்னை இன்றுவரை விடவில்லை. செவிலியர்கள் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் செய்யும் எளிய பரிசோதனையால் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்புகளைக் குறைக்க முடியும் என்பதைப் பெரிய அளவில் நிறுவிய ஆய்வு, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில்தான் நடந்திருக்கிறது. 114 ஊராட்சிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 57 ஊராட்சிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். முடிவுகள் 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. உலகின் பல நாடுகள் அந்தக் கட்டுரையைச் சான்றாகக் காட்டித் தங்கள் திட்டங்களை வகுத்திருக்கின்றன.

பரிசோதனை நடந்த 2000 முதல் 2003 வரையிலான ஆண்டுகளில் என் சித்திக்கு முப்பது வயது கடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊராட்சி அந்த ஆய்வில் இருந்ததா, இருந்தால் எந்தப் பிரிவில் இருந்தது என்று வீட்டில் எவருக்கும் நினைவில்லை. ஆனால் ஒன்று உறுதியாகத் தெரியும். அதற்குப் பிறகு வந்த இருபது ஆண்டுகளில் ஒரு முறைகூட அவருக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 9.8 விழுக்காட்டினர் மட்டுமே வாழ்நாளில் ஒரு முறையேனும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார்கள். இந்திய அளவில் இது 1.9 விழுக்காடு. நம்மைவிடப் பின்தங்கியவர்கள் இருக்கிறார்கள் என்று ஆறுதல் கொள்ள என்னால் முடியவில்லை. நம் மண்ணில் கண்டறிந்த உண்மை நம் பெண்களிடம் வந்து சேர்வதை எது தடுக்கிறது? மருத்துவத் துறையில் இருப்பவர்களும், பரிசோதனைக்குச் சென்று வந்தவர்களும், செல்லத் தயங்குபவர்களும் மனம் திறந்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி

அம்மா, உங்கள் சித்தியின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். நான் முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவள். முதலில் கிராம சுகாதாரச் செவிலியராகவும், கடைசிப் பத்தாண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பணியாற்றினேன். இந்தப் பரிசோதனையை என் கையால் பல நூறு பெண்களுக்குச் செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், பரிசோதனை என்றால் என்ன என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பெண்ணைப் படுக்கவைத்து, ஸ்பெகுலம் என்ற கருவியால் கருப்பைவாய் கண்ணுக்குத் தெரியும்படி செய்வோம். வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் நனைத்து ஒற்றிவிட்டு, ஒரு நிமிடம் காத்திருப்போம். மாறுதல் அடைந்த செல்கள் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக வெளுத்துத் தெரியும். அயோடின் தடவினால் நல்ல பகுதி கரும்பழுப்பாகும். மாறிய பகுதி நிறமேற்காமல் மஞ்சளாக நிற்கும். ஊசி இல்லை, கத்தி இல்லை, ஐந்து நிமிட வேலை. அந்தப் பெண் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடலாம். கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையில் சிலைடை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணை இரண்டாவது முறை வரவழைப்பது எவ்வளவு கடினம் என்பது களத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டமாக இதைத் தொடங்கி, பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டு வந்தார்கள். அதனால் திட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பெண்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், என் அனுபவத்தில் நோயின் பெயர் தெரியாமல் வராதவர்கள் குறைவு. "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் எதற்கு வர வேண்டும்?" என்று கேட்டவர்கள்தான் மிகுதி. தலைவலி வந்தால் மாத்திரை, காய்ச்சல் வந்தால் ஊசி என்று பழகிய நமக்கு, ஒன்றும் இல்லாதபோது மருத்துவமனைக்குப் போவது வீண் செலவாகவே தோன்றுகிறது. ஆனால் இந்த நோயைப் பொறுத்தவரை ஒன்றும் இல்லாத காலம்தான் பயனுள்ள காலம். இந்த நோயை உண்டாக்குவது, பெரும்பாலும் உடலுறவு வழியே பரவும் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. அது தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிவிட்ட சிலருக்கு அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு நீண்ட அவகாசத்தை நமக்குத் தரும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. உதிரம் பட்டு, வாடை வந்து, இடுப்பு வலித்த பிறகு வருபவரிடம் அந்த அவகாசம் தீர்ந்திருக்கும்.

வந்தவர்களும் திரும்பிப் போன காரணங்கள் உண்டு. முகாம் நாளில் வீட்டு விலக்காகியிருந்தால் பரிசோதிக்க முடியாது. அடுத்த வாரம் வாருங்கள் என்போம், வரமாட்டார்கள். நூறு நாள் வேலைக்கு ஆள் எடுக்கும் நாளில் முகாம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். ஒரு முறை பரிசோதனை அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பாதிப் பேர் வரிசையிலிருந்து எழுந்து போய்விட்டார்கள். நான் என் சொந்தப் பணத்தில் ஒரு தாழ்ப்பாளும் திரைச்சீலையும் வாங்கி மாட்டிய பிறகு எண்ணிக்கை கூடியது. இதை எந்த அறிக்கையிலும் எழுத இடம் இருக்கவில்லை.

நான் கற்றுக்கொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வெண்திட்டு தெரிந்தவர்களிடம் 'பாசிட்டிவ்' என்று சொல்லி அனுப்பினேன். ஊருக்குள் அது புற்றுநோய் என்றே பரவியது. ஒரு மருமகளை அவள் மாமியார் தனிப் பாத்திரத்தில் சாப்பிடச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்குப் பிறகு சிறு சதைத் துண்டு எடுத்துச் சோதித்த பயாப்சியில் வெறும் அழற்சிதான் இருந்தது. அன்று முதல் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தியதே இல்லை. "ஒரு சின்ன மாற்றம் தெரிகிறது, பெரிய டாக்டர் கண்ணாடி வைத்து இன்னொரு முறை பார்ப்பார், அநேகமாக ஒன்றும் இருக்காது" என்றே சொல்வேன்.

எண்ணும் எழுத்தும்

நான் புள்ளியியல் முதுகலை மாணவன். அம்பிளிக்கை ஆய்வின் எண்களைப் படித்திருக்கிறேன். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஒப்பீட்டுப் பிரிவில் 30,958 பேர் இருந்தார்கள். பரிசோதனைப் பிரிவில் நோய் உண்டாவது 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதினரை மட்டும் எடுத்துக்கொண்டால் இறப்பு 66 விழுக்காடு குறைந்திருந்தது. அழைக்கப்பட்டும் வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்கள் இவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இதே முறை எல்லா இடத்திலும் இதே பலனைத் தரவில்லை. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நான்கு பிரிவுகளாக நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. அங்கே வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்துகொண்ட பிரிவில் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அசிட்டிக் அமிலப் பிரிவிலும் பாப் ஸ்மியர் பிரிவிலும் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. மும்பை ஆய்விலோ, பத்தாம் வகுப்பு படித்த சுகாதாரப் பணியாளர்களுக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுத்து, இரண்டாண்டுக்கு ஒரு முறை அமிலப் பரிசோதனை செய்ததில் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. ஒரே முறை இரண்டு இடங்களில் பலன் தந்து, ஓரிடத்தில் தராமல் போனது ஏன் என்பதைச் செவிலி அம்மாவிடம் கேட்க விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி

தம்பி, நல்ல கேள்வி. ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்கள் வேறு இருக்கலாம். களத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தப் பரிசோதனையின் கருவி செவிலியின் கண். வெளிச்சம் சரியில்லை என்றாலும், ஒரே நாளில் அறுபது பேரைப் பார்த்து முடிக்கச் சொன்னாலும் கண் ஏமாற்றும். பயிற்சிக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எவரேனும் உடன் நின்று திருத்த வேண்டும். என் பணிக்காலத்தில் எனக்கு அது இரண்டே முறைதான் கிடைத்தது.

வயதும் ஒரு காரணம். நோய் தொடங்கும் இடமாகிய கருப்பைவாயின் எல்லைப் பகுதி, மாதவிலக்கு நின்ற பிறகு உள்நோக்கிச் சென்றுவிடும். கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்ப்பது? நீங்கள் சொன்ன இளம் வயதினருக்குக் கிடைத்த கூடுதல் பலனுக்கு இதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அம்பிளிக்கையில் செவிலியர்களே வெண்திட்டைக் கண்டு, அவர்களே கால்போஸ்கோப் என்னும் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்து, தேவையானவர்களுக்குக் குளிர்வைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையையும் செய்யப் பயிற்சி பெற்றிருந்தார்கள். நான் பணியாற்றிய இடத்தில் திட்டு தெரிந்தால் ஒரு சீட்டு எழுதி நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவோம். சீட்டை வாங்கிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் அந்த மருத்துவமனையை அடைந்தார்கள் என்று என் பதிவேட்டில் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியில் காலி இடங்களே அதிகம்.

நெல்வயல்

எல்லோரும் இந்த ஆய்வுகளைப் புகழ்ந்து எழுதுவதைப் பார்க்கும்போது, பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று ஆய்வுகளிலும் ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களுக்குப் பரிசோதனை தரப்படவில்லை. திண்டுக்கல்லில் அந்தப் பிரிவில் 92 பேரும், உஸ்மானாபாத்தில் 64 பேரும், மும்பையில் 98 பேரும் இந்த நோயால் இறந்தார்கள். மொத்தம் 254 பேர். பரிசோதனை உயிரைக் காக்கும் என்பது மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தும், ஏழைப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டு எண்ணிப் பார்த்தது அறமா என்று அமெரிக்காவிலும் இந்தியாவிலும் கேள்விகள் எழுந்தன. இழையைத் தொடங்கிய சகோதரியின் சித்தி எந்தப் பிரிவில் இருந்திருப்பார் என்ற கேள்வியை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. நம் பெண்கள் ஆராய்ச்சிக்கு உடலைத் தந்தார்கள். அவர்களுக்கு என்ன திரும்பக் கிடைத்தது?

மகப்பேறு மருத்துவர்

நெல்வயல் ஐயா எழுப்பியிருப்பது நியாயமான கேள்வி. அதை மழுப்ப நான் விரும்பவில்லை. அந்த ஆய்வுகளை நடத்தியவர்கள் சொன்ன விடை, பாப் ஸ்மியர் பணக்கார நாடுகளில் பலன் தந்திருந்தாலும், ஆய்வகமும் நிபுணரும் இல்லாத கிராமத்தில் அமிலப் பரிசோதனை இறப்பைக் குறைக்குமா என்பது அப்போது உறுதியாகத் தெரியாது, ஒப்பீட்டுப் பிரிவினருக்கு அன்று நாட்டில் வழக்கத்தில் இருந்த மருத்துவ வசதி எதுவோ அது மறுக்கப்படவில்லை என்பதாகும். உஸ்மானாபாத்தில் அமிலப் பரிசோதனை எதிர்பார்த்த பலனைத் தராததைப் பார்த்தால், அந்த ஐயம் போலியானதாக இருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் 'வழக்கத்தில் இருந்த வசதி' என்பது எதுவுமே இல்லாத நிலைதான் என்னும்போது, அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறதா என்று நானும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். என் கருத்தில், அந்தக் கடனை அடைக்க ஒரே வழிதான் உண்டு. அந்த மாவட்டங்களில் ஒரு பெண்ணும் விடுபடாமல் பரிசோதனை கிடைக்க வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை என்பதே என் கோபம்.

இன்னொரு செய்தியையும் சேர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முப்பது வயது முதல் ஐந்து அல்லது பத்து ஆண்டுக்கு ஒரு முறை எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை முதன்மை முறையாகப் பரிந்துரைக்கிறது. அதற்குத் தேவையான மாதிரியைப் பெண்கள் தாங்களே, உடை மாற்றும் அறையில் தனியாக, ஒரு சிறு பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம். செவிலி அம்மா சொன்ன தாழ்ப்பாளும் திரைச்சீலையும் பெரும்பாலானோருக்குத் தேவைப்படாமலே போகும். செலவு ஒரு பெரிய தடை. 2022-ஆம் ஆண்டு உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் 1,27,526 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. 79,906 பேர் இறந்தார்கள். இந்த எண்களுக்கு முன்னால் ஒரு பரிசோதனையின் விலை பெரிதாகத் தோன்றக் கூடாது.

பாலாற்றங்கரை

நான் ஓர் ஆண். இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். என் மனைவிக்குச் சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தபோது, "உனக்கென்ன கேடு, அங்கே போய் எதற்கு?" என்று நான்தான் தடுத்தேன். செவிலி அம்மாவின் பதிவைப் படித்த பிறகு, அடுத்த புதன்கிழமை நானே வண்டியில் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இரு பெண்களின் தாய்

என் மூத்த மகளுக்கு வயது பதின்மூன்று. எச்.பி.வி. தடுப்பூசி போடலாம் என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால் 2010-இல் ஆந்திராவில் இதே தடுப்பூசி போட்ட சிறுமிகள் இறந்ததாக உறவினர் ஒருவர் சொன்னது முதல் எனக்குத் தூக்கம் இல்லை. திருமணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு என்றும் வீட்டில் கேட்கிறார்கள். தயவுசெய்து யாரேனும் விளக்க வேண்டும்.

மகப்பேறு மருத்துவர்

சகோதரி, உங்கள் அச்சத்துக்கு வேர் இருக்கிறது. அதனால் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009-இல் இந்தத் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போடும் செயல்விளக்கத் திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் பங்கேற்ற சிறுமிகளில் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்து, 2010 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது. அந்த இறப்புகளை ஆராய்ந்த குழு, நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, நஞ்சு, காய்ச்சல் போன்ற காரணங்களைக் கண்டது. தடுப்பூசியோடு தொடர்பு இருப்பதாகக் கண்டறியவில்லை. ஆனால் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் பெற்றோருக்குப் பதிலாக ஒப்புதல் கையெழுத்து இட்டிருந்தார்கள். அது பெருந்தவறு. 2013-இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்றோரிடம் பேசாமல் செய்த அந்த அவசரம், நாட்டில் இந்தத் தடுப்பூசியைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது.

2010-இல் அரசு நிறுத்தச் சொன்ன அதே அறிவிப்பால் இந்தியாவின் பல மையங்களில் நடந்துகொண்டிருந்த வேறோர் ஆய்வும் பாதியில் நின்றது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று அறியத் தொடங்கிய ஆய்வு அது. நிறுத்தியதால் சில ஆயிரம் சிறுமிகளுக்கு ஒரே ஒரு தவணையோடு நின்றுபோனது. ஆராய்ச்சியாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2021-இல் வெளிவந்த முடிவின்படி, எச்.பி.வி. 16, 18 ஆகிய வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு தவணையே 95.4 விழுக்காடு பாதுகாப்பு தந்திருந்தது. மூன்று தவணை பெற்றவர்களின் பாதுகாப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு தவணையும் ஏற்கத்தக்கது என்று அறிவித்ததற்கு அந்த இந்தியச் சிறுமிகளும் ஒரு காரணம்.

திருமணமாகாத பெண்ணுக்கு எதற்கு என்ற கேள்விக்கு விடை எளிது. கிருமி உடலுக்குள் வருவதற்கு முன்பு போட்டால்தான் தடுப்பூசி முழுப் பலன் தரும். பிள்ளைக்குப் போலியோ வந்த பிறகா சொட்டு மருந்து கொடுக்கிறோம்? நம் நாட்டிலேயே தயாராகும் தடுப்பூசிக்கும் 2022-இல் ஒப்புதல் கிடைத்துவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்ணும் முப்பது வயதுக்குப் பிறகு பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கொடைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம். செவிலி அம்மாவின் பதிவைச் சென்ற கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். சந்தை விடுமுறை நாளாகப் பார்த்து ஒன்பது பேர் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். இருவருக்கு அன்று விலக்கு நாள். அவர்களுக்கு அடுத்த தேதியைக் கையில் எழுதி வாங்கிக்கொண்டோம். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். பரிசோதனை முடிந்து வெளியே வந்தபோது, சித்தியை ஒரு நாளாவது இப்படி அழைத்து வந்திருக்கலாமே என்று அழுதேன்.

எங்களில் ஒருவருக்கு வெண்திட்டு தெரிந்திருக்கிறது. வயது 38, மில்லில் வேலை, இரண்டு பிள்ளைகள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, தனியாகப் போக அச்சமாக இருக்கிறது என்றார். வரும் திங்கள்கிழமை காலை ஆறரை மணிப் பேருந்தில் நானும் இன்னொருவரும் அவருடன் செல்கிறோம். கால்போஸ்கோப் பரிசோதனைக்கு என்னென்ன கொண்டு போக வேண்டும், அன்றே பயாப்சி எடுப்பார்களா, மறுநாள் அவர் மில்லுக்குப் போகலாமா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி

சீட்டையும், ஆதார் அட்டையையும், காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள் எது இருந்தாலும் கொண்டு போங்கள். கடைசியாக விலக்கான தேதியைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கட்டாயம் கேட்பார்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம். தேவைப்பட்டால் பெரும்பாலும் அன்றே பயாப்சி எடுத்துவிடுவார்கள். அரிசி அளவுத் துண்டுதான், சுருக்கென்று இருக்கும். ஓரிரு நாள் லேசாக உதிரம் படலாம் என்பதால் துணி அல்லது நாப்கின் கையில் இருக்கட்டும். மறுநாள் இலகுவான வேலை பார்க்கலாம், ஆனால் ஒரு வாரம் கனமான சுமை தூக்க வேண்டாம். முடிவு எந்தத் தேதியில், எந்த அறையில், யாரிடம் கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்காமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள். அந்தத் தேதியிலும் நீங்கள் அவருடன் போக வேண்டும், அம்மா.